கடைசித் தூரம் எப்போ?

சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியும் இன்றைக்கே உதிரட்டும்.

உவரிக் கடற்கரையில் முத்தரசி ஓடினால் மணலில் தடம் விழாது. வளைக்குள் இருக்கும் நண்டு எட்டிப் பார்த்து, காற்றுதான் போகிறது என்று மறுபடி படுத்துக்கொள்ளும். அவ்வளவு லேசு.

அந்த முத்தரசி இப்போது வீட்டு முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். இரண்டாவது தடவை. மாநிலப் போட்டி அடுத்த மாதம்.

பார்க்க வந்த கோச் ரெஜினா, வெளி அடுப்பில் கொதித்த நெத்திலிக் குழம்பைத் தானே கிண்டிக்கொண்டிருந்தாள். கூட வந்த டைம் கீப்பர் சூசை, வேலியோரம் விசிலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, என்னைவிட ஒழுங்கா யாரு ஓடுறா? சோத்தைக் குறைச்சேன். குழம்பையே தொடல. பிறகு ஏன் எனக்கே உடையுது?"

ரெஜினா குழம்பில் உப்புப் பார்த்தாள்.

"கடைசித் தூரம் எப்போ?"

"போன வாரம்தான்க்கா. கோயில்ல இருந்து ஆத்து முகம் வரைக்கும்."

"அந்தத் தூரத்தை யாரு கேட்டா?"

முத்தரசி முழித்தாள். பிறகு புரிந்தது. சூசையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாசாமாசம் வர்றதா? அது பொங்கலோட நின்னு போச்சு. நல்லா ஓடுனா நின்னுரும்னு பிள்ளைங்க சொல்லுது. நல்லதுதானே அக்கா? வலி இல்ல, தள்ளி உக்காருன்னு சொல்ல ஆளும் இல்ல."

"நல்லதா?"

அடுப்பில் தீ அணைந்துகொண்டிருந்தது. ரெஜினா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தாள். நுனியை அடுப்புக்குள் செருகினாள்.

"ஐயோ! அக்கா! அப்பாவோட துடுப்பு!"

"குழம்பு கொதிக்க வேண்டாமா?"

"அதுக்கு விறகு வைக்கணும்!"

"நீ வைக்கலையே. அடுப்புலயும், வயித்துலயும்."

முத்தரசி ஒற்றைக் காலில் தாவி வந்து துடுப்பைப் பிடுங்கினாள். நுனி கருகியிருந்தது. அதைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

துடுப்பை மறுபடி சுவரில் சாத்தினாள்.

"அப்போ மாநிலப் போட்டி?"

"இந்த வருஷம் உக்காந்து கைதட்டு. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போறோம். இப்போ தட்டை எடு."

அழுதுகொண்டே சாப்பிட்டாள். அன்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. உவரி நெத்திலியெல்லாம் பயந்து இலங்கைப் பக்கம் ஒதுங்கிவிட்டதாகக் கேள்வி.

மழைக்காலம் கழிந்தது. டாக்டரம்மா மெதுவாக ஓடலாம் என்று சொல்லியிருந்தாள். ஒரு காலையில் கரையின் அந்தக் கோடியிலிருந்து முத்தரசி கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"அக்கா! தூரம்! தூரம் வந்துருச்சு!"

சூசை பதறிப்போய் டேப்பை விரித்தார். "எவ்வளவு தூரம்மா? நான் அளக்கவே இல்லையே!"

"ஓய், டேப்பைச் சுருட்டும்!" சிரித்த சிரிப்பில் ரெஜினாவுக்குப் புரை ஏறியது.

முத்தரசிக்குப் பின்னால், ஈர மணலில், வரிசையாகத் தடம். ஒரு நண்டு அதில் தடுக்கி விழுந்து ஏதோ திட்டியது.

யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சூசை இன்னும் டேப்போடுதான் அலைகிறார்.