முதல் வீட்டு வாசல்

ஓடைப்புதூரில் அம்மை பிச்சைக்குப் போகிற தெரு ஒன்றே ஒன்றுதான். மேலக்கோடி முதல் வீட்டில் தொடங்கிக் கீழக்கோடியில் முடிப்பார். கிடைத்த அரிசியைப் பொங்கி அவரும் அவருடைய ஒரே சீடரும் சாப்பிடுவார்கள்.

அம்மைக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணற்றடி மோட்டார் ரூமில் வந்து தங்கினார். மோட்டாரை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஊர் முதலில் கேலியாக ‘மோட்டார் ரூம் சாமியார்’ என்றது. நாளாக ஆகக் கேலி தேய்ந்து, அம்மை என்ற பெயர் நின்றுவிட்டது.

சீடர் நயினார் அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். அம்மை அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி முறைக்காரியிடம் போய் ஞானம் கேட்கிறாரே என்று டீக்கடையில் சிரித்தார்கள். நயினார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

மனைவி போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் ராஜவேல், மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் விழுந்து, போன வருஷம் ஓடைப் பாலத்துக்கு அடியில் செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு நயினாரால் தன் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒற்றை ஆளுக்கு உலை வைப்பதே அவருக்குக் கேவலமாகப் பட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு அம்மையிடம் வந்துவிட்டார்.

மாத்திரையை விற்றவன் மேலக்கோடி முதல் வீட்டுக் கொம்பையா. வெளியூரிலிருந்து திருட்டுத்தனமாகக் கடத்திக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் விற்றான். தெருவுக்கே இது தெரியும். ஆனால் போலீசிடம் போய்ச் சொன்னது ஒரே ஓர் ஆள்தான். அது அம்மை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வந்தார். கொம்பையா ஜெயிலுக்குப் போனான்.

அந்த வீட்டில் மிஞ்சியது அவன் தம்பி உலகநாதன். அவன் விற்கிறவன் இல்லை, ராஜவேலோடு சேர்ந்து ஊசி போட்டுக்கொண்டவன். ராஜவேல் பாலத்தடியில் சுருண்டு விழுந்தபோது அவனைப் போட்டுவிட்டு ஓடியவன் என்று ஊர் சொன்னது.

ஊர் கூடிப் பேசியது. அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, வாசலில் போய் நிற்கக்கூடாது என்று முடிவானது. தானாகவே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவான் என்று கணக்குப் போட்டார்கள். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் நயினார்.

அன்று சாயங்காலம் அவர் அம்மையிடம் கேட்டார்.

“அம்மா, வித்தவனை உள்ள தள்ளியாச்சு. அது சரி. ஊசி போட்டுக்கிட்டு அலையுதவனை ஊர் என்னதான் செய்யணும்? நாங்க செஞ்சது சரிதானே?”

அம்மை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

“காலையில பிச்சைக்குப் போவோம் அண்ணே” என்றார்.

நயினாருக்குச் சப்பென்று போய்விட்டது. தினமும் போகிறதுதானே, இது ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.

அம்மையின் பிச்சைக்கு ஒரு முறை உண்டு. எந்த வாசலையும் தாண்டிப் போகமாட்டார். அரிசி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, உள்ளேயிருந்து ஒரு பதில் வரவேண்டும். ‘கை வேலையா இருக்கேன், போயிட்டு வாங்கம்மா’ என்றால் போதும், அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். பதில் வராவிட்டால் உச்சிப்பொழுது வரை நிற்பார்; அதற்குமேல் அன்றைக்குப் பிச்சை இல்லை. கொம்பையா இருந்த நாளிலும் அந்த முதல் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அவன் அரிசி கொண்டுவந்தால் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு, ‘இந்த அரிசி வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிட்டு நகர்வார்.

காலையில் அம்மை இரண்டாவது வீட்டிலிருந்து தொடங்குவார் என்றுதான் நயினார் நினைத்தார். அம்மை நேரே போய்ப் பூட்டாத, ஆனால் உள்ளே தாழ் போட்ட அந்த முதல் வீட்டு வாசலில் நின்றார். நயினார் தெருவின் எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில் ஒதுங்கிக்கொண்டார். கை தூக்கிய மனுஷன் அங்கே போய் நிற்க முடியுமா?

உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் அரிசியோடு வெளியே வந்து, “இங்க வாங்கம்மா, அங்க நிக்கக்கூடாதுல்லா” என்று கூப்பிட்டாள். அம்மை அவளைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, இடத்தைவிட்டு அசையவில்லை. ஊர்த்தலைவர் கனகசபை வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும்தானே என்றார்.

“ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கட்டுப்பாடு. நான் ஊருக்கு வெளியேதானே இருக்கேன்” என்றார் அம்மை.

கனகசபை வந்த வழியே போய்விட்டார்.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அம்மை வெறும் பாத்திரத்தோடு திரும்பினார். அன்று இருவருக்கும் தண்ணீர்தான் சாப்பாடு. மறுநாளும் அப்படியே. சீடர் என்றாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, நயினார் டீக்கடைப் பின்பக்கம் நின்று இரண்டு வடையை அவசரமாக முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மை அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

அதற்கும் அடுத்த நாள் காலையில் வீட்டுக்குள் யாரோ வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. வயிற்றில் ஒன்றுமே இல்லாதவன் ஓங்கரிக்கிற சத்தம். கிடக்கட்டும் என்று நினைத்தார் நயினார். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. ராஜவேலும் இப்படித்தான் ஓங்கரிப்பான். அப்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். மகன் உள்ளே, அப்பன் வெளியே என்று எத்தனையோ நாள் அந்த வீட்டில் கழிந்திருக்கிறது.

சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்து, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இல்லை.”

அவ்வளவுதான். அம்மை தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். சொர்ணத்தாய் அரிசி போட்டாள். மற்ற வீடுகளிலும் போட்டார்கள். திரும்பி வரும்போது நயினார் பொறுமையிழந்து கேட்டார்.

“இல்லைங்கிற ஒரு சொல்லுக்கா இத்தனை பட்டினி?”

“இல்லைன்னு சொல்ல உள்ளே ஒரு ஆள் இருக்கே அண்ணே.”

அன்று நயினார் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் அம்மை போய் நின்றதும் கதவு திறந்தது. உலகநாதன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாலிபப் பையன், கிழவன் மாதிரி ஒடுங்கிப் போயிருந்தான். மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகியது. அந்த வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினான்.

“வீட்டுல ஒண்ணுமே இல்லம்மா. எதுக்குத் தினமும் வந்து நிக்கீங்க?”

அவன் தெருவைப் பார்த்தான், பிறகு அம்மையைப் பார்த்தான். அவன் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல் பேசினான். கடையில் அரிசி தரவில்லை, குழாயடியில் குடத்தை நகர்த்திவிட்டார்கள், உடம்பெல்லாம் எலும்பை முறிக்கிறாற்போல் வலிக்கிறது என்றான். கடைசியில் ஒன்று சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் தணிந்தது.

“அண்ணனோட ஆளுங்க போன்ல கூப்பிடுதானுவ. மாத்திரை தாரோம், சரக்கை மட்டும் கொண்டுபோய்க் குடுன்னு சொல்லுதானுவ. என்கிட்ட பேசுறது இப்ப அவனுவ மட்டும்தான். நாளைக்கு வாரோம்னு சொல்லியிருக்கானுவ. வந்தா நான் போயிருவேன்மா. என்னைய அதுக்கு முன்னாடி எங்கயாச்சும் கொண்டு போயிருங்க.”

“டவுன் பெரியாஸ்பத்திரியில இதுக்கு வார்டு இருக்கு. நடப்பியா?”

அவன் ஓரடி வைத்தான். கால் மடங்கியது. அம்மை அவன் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒருத்தரால் அவனைத் தாங்க முடியவில்லை.

“அண்ணே, இந்தப் பக்கம் பிடிங்க.”

தெருவில் சன்னல்கள் திறந்திருந்தன. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வெளியே வரவில்லை. நயினார் மின்கம்பத்தடியை விட்டு நகரவில்லை. இத்தனை நாளும் நெஞ்சுக்குள் ஊறப்போட்டு வைத்திருந்ததை அங்கிருந்தபடியே சொன்னார்.

“எம்பிள்ளையைப் போட்டுட்டு ஓடினவம்மா அவன். அவனை நான் தொடமாட்டேன்.”

உலகநாதன் தலையைத் தூக்கினான். கோபமோ வருத்தமோ இல்லாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

“ஓடினேன் மாமா. உங்க வீட்டுக்குத்தான் ஓடினேன். அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சு. கதவைத் தட்டுனேன், ரொம்ப நேரம் தட்டுனேன். நீங்க இல்லைன்னு நினைச்சு மத்த வீட்டுக் கதவையும் தட்டுனேன். சன்னல் வழியா என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒருத்தரும் திறக்கலை. திரும்பிப் போனப்ப அவனுக்கு மூச்சு இல்லை.”

ராஜவேல் செத்த அன்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டியது உண்மை. நயினார் கட்டிலில் கிடந்தார். ராஜவேல் மறுபடியும் பணம் கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தார். பேச்சுக் கொடுத்தால் மனசு இளகிவிடும், இன்றைக்கு விட்டுக்கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தட்டுகிற சத்தம் பலமாகி, பிறகு நின்றுபோனது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தச் சத்தத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் அது மகனுடைய கை என்றே இதுவரை நினைத்திருந்தார்.

அம்மை அவரைப் பார்க்கவில்லை. சாயப் பார்த்த பையனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருவைக் கடக்க நயினாருக்கு வெகுநேரம் ஆனது. வந்து, உலகநாதனின் இன்னொரு கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கை எடையே இல்லாமல், சில்லென்று இருந்தது. மூன்று பேரும் கீழக்கோடி வரை நடந்தார்கள். கனகசபை தன் வீட்டுப் படியிலிருந்து, நயினாருக்கும் இனி இதே கட்டுப்பாடுதான் என்று அறிவித்தார். அதைக் கேட்டு நயினார் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் ஊர் தன்னோடு பேசாது என்பது அவருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை செத்ததிலிருந்தே யாரும் அவரோடு பேசினதாக அவருக்கு நினைவில்லை. துக்கம் கேட்டார்கள், அதோடு சரி.

மினி பஸ்ஸில் உலகநாதன் அவர் தோளிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். தோளெல்லாம் எச்சில். நயினார் துடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற ஆள். உடம்பு தேறிவிடும், ஆனால் இது ஒரு தடவையில் விடுகிற சனியன் இல்லை, இங்கே தேறிப் போகிறவர்களில் பலபேர் மறுபடியும் விழுந்துதான் எழுந்திருப்பார்கள், வீட்டிலிருந்து யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டார். “நான் வருவேன்” என்றார் நயினார்.

பொழுது சாய இருவரும் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தார்கள். இரண்டு பக்கமும் தரிசு. அவர்களைத் தவிர அந்தப் பாதையில் ஆள் இல்லை. மோட்டார் ரூமுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் நயினார் நின்றார். தன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். போகிறேன் என்று சொன்னாரே ஒழியக் கால் நகரவில்லை. டாக்டர் சொன்னது உள்ளே கிடந்து அறுத்தது.

“அம்மா, அவன் தேறி வந்து, மறுபடியும் விழுந்தான்னா என்ன செய்ய?”

அம்மை கிணற்றடியைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்.

“உங்க கதவைத் தட்டுவான் அண்ணே.”