நானூறு கிலோவுக்குள் ஒரு மீசை

புளியடிக்குளத்துக்காரர்கள் புத்திசாலிகள் என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். புளியடிக்குளத்திலேயே சொன்னால், "இது இப்பத்தான் தெரியுமாக்கும்?" என்று கேட்பார்கள்.

அந்த ஊர் வடம் இழுக்கும் போட்டி அணியில் ஐந்து பேர். தலைவர் பலவேசம் அண்ணாச்சி. போன வருசக் கோயில் கொடையில் பக்கத்து ஊர்க்காரர்களிடம் தோற்ற ஆத்திரத்தில், "அடுத்த வருசமும் தோத்தா என் மீசையை எடுத்துருதேன்!" என்று மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். மைக்கில் சொன்னதை விழுங்க முடியுமா? இருபது வருசம் எண்ணெய் தேய்த்து வளர்த்த மீசை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவித் தடவிக் கண் கலங்குவார், பாவம்.

இந்த வருசம் கொடைக் கமிட்டி ஒரு விதி போட்டது. ஐந்து பேரும் சேர்ந்து நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஐவரும் ரைஸ்மில் தராசில் மொத்தமாக ஏறி நின்று பார்த்தார்கள். நானூற்று இருபது. கொடைக்கு மூன்று மாசம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டரிடம் ஓடினார்கள். அந்தம்மா பொறுமையாகச் சொன்னாள். "பட்டினி கிடக்க வேண்டாம். பேதி மருந்தும் குடிக்க வேண்டாம். சோத்தைப் பாதியாக்கி, காயைக் கூட்டுங்க. மெதுவா மென்னு சாப்பிடுங்க. தினமும் அரைமணி நேரம் நடங்க. இதை விடாம செஞ்சாலே தானா குறையும்."

மில் வாசலில் ஆலோசனை நடந்தது.

"இருபது கிலோவை யாரு குறைக்கது?" என்றார் பலவேசம்.

அணியில் கணக்குப் போடுவது சுடலையின் பொறுப்பு. அவன் யோசித்துச் சொன்னான்: "எந்த வேலையையும் அதுல அனுபவப்பட்டவன்கிட்ட குடுக்கணும் அண்ணாச்சி. ஒல்லியா இருக்கதுல இங்க யாருக்கு அனுபவம்?"

எல்லோரும் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மொத்தமே ஐம்பத்துநாலு கிலோ.

கொம்பையாவுக்கு நெஞ்சு விம்மியது. "அண்ணாச்சி மீசைக்காக என் உசிரையே குடுப்பேன்."

"உசிரெல்லாம் வேண்டாம்லே," என்றார் பலவேசம் தழுதழுத்து. "இருபது கிலோ போதும்."

மறுநாளே கொம்பையா பாதிச் சோற்றோடு நிறுத்தினான். மீதிப் பாதி தட்டில் கிடந்தது. சோத்தை வீணாக்கினால் பாவமில்லையா? மற்ற நால்வரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். சிஸ்டர் சொன்னபடி மெதுவாக மென்றுதான் சாப்பிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல முடியாது.

நடைக்கும் சுடலை கணக்குப் போட்டான். "எடை மொத்தமாத்தானே பாக்காங்க? அப்ப நடையும் மொத்தம்தான். அரைமணியை அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஆறு நிமிசம்." சரியாக ஆறாவது நிமிசத்தில் அந்தோணி டீக்கடை வந்தது. வடை சுடச்சுட இருந்தது.

ஒரு மாசம் கழித்துத் தராசில் ஏறினார்கள். நானூற்று இருபத்துமூன்று!

"கொம்பையாகிட்ட இறங்கத்தான் செஞ்சிருக்கு," என்றான் சுடலை, அவன் விலா எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டு. "இறங்குன எடை எங்க போகும்? பக்கத்துல நின்ன நம்ம மேல ஏறிட்டு."

அன்றிலிருந்து கொம்பையாவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார வைத்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நால்வரும் எழுந்து வேறு திசைக்கு மாறிக்கொண்டார்கள்.

சேதி கேட்டு எஸ்தர் சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஏ அறிவுக்கொழுந்துகளா! கொம்பையா வயிறார சாப்பிடட்டும். குறைக்க வேண்டியது நீங்க நாலு பேரும்!"

பிறகென்ன, தினமும் காலையில் நால்வரும் முன்னால் நடக்க, அந்தம்மா ஸ்கூட்டியில் பின்னாலேயே ஊர்ந்து வந்தாள். டீக்கடை வந்தால் ஹாரன் அடிப்பாள். சோறு பாதியானது, அவரைக்காயும் கீரையும் ஏறின. அவசரமே இல்லாமல், ஆளுக்கு வாரத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று இறங்கியது. பலவேசம் வேட்டியை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிக் கட்டினார். படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்று அவரே அதிசயப்பட்டார்.

கொடை நாள் வந்தது. கமிட்டிக்காரர் நானூறு கிலோவுக்குப் படிக்கல் வைத்தார். ஐவரும் கும்பிட்டுக்கொண்டு தராசில் ஏறினார்கள். முள் ஒரு நூலளவு மேலே நின்றது.

"கால் மணி நேரம் தாரேன். அதுக்குள்ள குறைச்சா வடம், இல்லாட்டா தோத்ததாத்தான் கணக்கு," என்றார் அவர்.

துண்டை வீசினார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். நகம் வெட்டினார்கள், எச்சில் துப்பினார்கள். முள் அசையவில்லை. சுடலை மெல்ல நிமிர்ந்து தலைவரின் மேலுதட்டைப் பார்த்தான்.

"ஏல, இதைக் காப்பாத்தத்தானே இவ்வளவு பாடும்!" என்று அலறினார் பலவேசம்.

"அதுக்குத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. மீசை இருந்தா இழுக்க விடமாட்டாங்க. இழுக்காட்டா தோத்துருவோம். தோத்தா மீசை போயிரும். அதனால மீசையை எடுத்தாத்தான் மீசை தப்பும்."

பலவேசம் எதிரே இருந்த சலூனில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்தார். எழுந்தபோது விசும்பினார். விழுந்த மயிரை ஒன்றுவிடாமல் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, "ஜெயிச்ச கையோட ஒட்டிக்கிடலாம்" என்று மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

ஐவரும் மறுபடி தராசில் ஏறினார்கள். முள் அதே ஒரு நூல் மேலேயே நின்றது.

சுடலைதான் பலவேசத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"மனசை விடாதீங்க அண்ணாச்சி. இன்னும் புருவம் ரெண்டு இருக்குல்லா?"