அமலதாஸ் உட்கார்ந்த இடம்

"எந்த ஆம்ப் வச்சா அண்ணி பாடுவாங்க, டீச்சர்?"

செபஸ்தியான் இதைக் கேட்டபோது ஜெமீலா ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை.

செபஸ்தியானுக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. ஜெமீலா அவனைவிட ரொம்ப இளையவள். திருச்சி பாலக்கரையில், ஒரு காலத்தில் தோல் கிடங்காக இருந்த கட்டடத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தாள். மழை பெய்தால் இன்றும் சுவரிலிருந்து தோல் வாடை வரும்.

ஊரில் வாத்தியம் தொட்ட ஆட்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எதையாவது சொல்லிக்கொடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அங்கே போய்விட்டு வருகிறவர்கள் மட்டும் கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரியாக இருப்பார்கள்.

"என்னென்ன வச்சுப் பாத்தீங்கண்ணே?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுஷன் காத்திருந்தான் போலிருக்கிறது. கொட்டித் தீர்த்துவிட்டான்.

முதலில் கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் காட்டுகிற ஒரு சின்ன ஆம்ப். மேடையில் எடுபடவில்லை. அப்புறம் நாலு ஸ்பீக்கர் வைத்தது. அதைக் காலடியில் வைத்து வாசித்தால் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை, அதனால் கூட்டினான். கூட்டினால் கடைசி வரிசையிலிருந்து ஆட்கள் வந்து நெஞ்சு படபடக்கிறது, குறையுங்கள் என்றார்கள். அப்புறம் ஆள் உயரத்துக்கு ஒன்று. தூக்க இரண்டு பேர் வேண்டும், தூக்கின இரண்டு பேருக்கும் இடுப்பு போனது. ரெக்கார்டிங்குக்கென்று, பழைய ரேடியோவில் இருப்பது போல ட்யூப் போட்ட ஆம்ப் தனி.

"எல்லாத்துலயும் வாசிச்சாச்சு டீச்சர். அண்ணி மைக் முன்னால வந்து நிக்கிறாங்க. வாயைத் திறக்கறாங்க. மூடிக்கறாங்க. 'கீழ ஒண்ணுமே இல்ல தம்பி'ங்கறாங்க."

"கீழயா?"

"கால் ஊன ஒண்ணுமில்லையாம். அண்ணன் வாசிக்கறப்போ இருந்துச்சாம்."

அண்ணன் அமலதாஸ் போன மழைக்காலத்தில் இறந்தான். அவன் பேஸ் கிட்டாரில் அடிநாதம் வாசிக்க, அவன் மனைவி பிலோமினா பாட, தம்பி செபஸ்தியான் சாதா கிட்டாரில் பின்னால் நிற்க, கல்யாணம் காட்சி திருவிழா என்று ஊர் ஊராய்ப் போன குழு அது. அண்ணன் போன பிறகு அவனுடைய பேஸ் கிட்டார் தம்பி தோளுக்கு வந்தது. பிலோமினா அன்றோடு பாட்டை நிறுத்தினாள். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை, வரவில்லை.

வருகிற சனிக்கிழமை மாதா கோயில் திருவிழாக் கச்சேரி. அதிலும் குரல் எழும்பவில்லை என்றால் இனிமேல் என்னை மேடைக்குக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அந்த மனுஷி அப்படி. செபஸ்தியானுக்குக் கச்சேரி போவது பெரிதில்லை. வீட்டில் அவள் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணனோட ஆம்ப் இங்கதான இருக்கு. அதைக் குடுத்துடுங்க டீச்சர். எனக்கு வேற வழி தெரியல."

ஜெமீலா உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மூலையில் டிரம்ஸ். சுவரை ஒட்டி, பழைய பெட்ஷீட் போர்த்திய ஆம்ப். யாரோ முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. நடுவில் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் நாலு காலுக்கும் கீழே தரையில் டேப் ஒட்டி அடையாளம் போட்டிருந்தது.

ஜெமீலா பெட்ஷீட்டை உருவி, சுவிட்சைப் போட்டாள். உள்ளே ட்யூப் மெல்லச் சிவந்தது.

"சூடாகட்டும். நீங்க இருங்கண்ணே."

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

செபஸ்தியான் சுவரோரம் நின்றான். தோளில் அண்ணனுடைய கிட்டார். அறையில் காற்று இல்லை, தோல் வாடைதான் இருந்தது. ஆம்ப் லேசாக இரைந்தது.

பிறகு அது வாசிக்க ஆரம்பித்தது.

முதல் ஸ்வரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மேலிருந்து கீழே வழுக்கி இறங்கி, இறங்கின இடத்தில் சற்றே தயங்குகிற விரல். அது உலகத்தில் ஒரே ஒருத்தன் விரல். அந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்து, ஜெபமாலை சுற்றிப் பெட்டியில் வைத்தவனே செபஸ்தியான்தான்.

மூலையில் டிரம்ஸ் தானாக நடுங்கியது. ஆள் இல்லாத ஸ்டூலுக்கு முன்னால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சின்ன டிரம்மின் அடிக்கம்பி சரசரவென்று பதில் சொன்னது. தோளில் தொங்கிய கிட்டாரும் சும்மா இல்லை. அவன் தொடாமலே அதன் கம்பிகள் அதிர்வது வயிற்றில் தெரிந்தது.

அவன் கதவைத் தட்டினான். தட்டினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இடித்தான்.

ஜெமீலா திறந்தாள்.

"யாரு டீச்சர் வாசிக்கறது?"

"அண்ணன்தான்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பயப்படாதீங்கண்ணே. அவர் கடைசியா வாசிச்சப்போ கிட்டார்லேருந்து நேரா வயர் போட்டு எடுத்து வச்சிருந்தேன். ஆம்ப் சத்தம் சேராம, கம்பி சத்தம் மட்டும். அதை இப்ப ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்பறேன். எப்ப வேணா அனுப்பலாம்."

"எப்ப வேணாவா?"

"எப்ப வேணா."

இது ஆறுதலா பயமுறுத்தலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"அந்த நாற்காலிதான் அண்ணன் எடம். அதுல உக்காந்து கேளுங்க" என்றாள் அவள். கதவு மறுபடி மூடியது.

மறுபடி அதே விரல். செபஸ்தியான் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

சத்தம் நின்றுவிட்டது.

நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆம்ப்பைப் பார்த்தான். ஸ்பீக்கர் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. டிரம்மின் கம்பி சரசரத்துக்கொண்டிருந்தது. மடியில் கிட்டார் நடுங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தான், அவன் காதில் மட்டும் இல்லை. விரல் கம்பியில் உரசுகிற சின்னச் சத்தம்தான் எட்டியது.

எழுந்தான். இடி மாதிரி வந்து விழுந்தது பேஸ்.

உட்கார்ந்தான். போய்விட்டது.

மறுபடி எழுந்து பார்த்தான். மறுபடி உட்கார்ந்து பார்த்தான். வயதுக்கு ஏற்ற காரியமில்லைதான். அந்த அறையில் அவன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"டீச்சர்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். "இந்த எடத்துல கேக்கல."

சுவரில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "ஆமா. இந்த ரூம்ல அந்த ஒரு எடத்துல மட்டும் பேஸ் நிக்காது. எந்த ஆம்ப் வச்சாலும். சுவர்ல பட்டுத் திரும்பற சத்தம் நேரா வர்ற சத்தத்தை அங்க அழிச்சுடும்."

"அப்ப அண்ணன் எப்படி இங்க உக்காந்து வாசிச்சான்?"

"நாற்காலியைத் தள்ளிப் போடுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். வர்றப்பல்லாம் அங்கயே இழுத்துப் போட்டுக்குவார். அப்புறம் நானே டேப் ஒட்டிட்டேன்."

"அவன் வாசிக்கறது அவனுக்கே கேக்காதே. எதுக்கு இங்க?"

ஜெமீலா கையை நீட்டி அறையின் விளக்கை அணைத்தாள்.

இருட்டில் ட்யூபின் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. செபஸ்தியான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஓடிவிடலாம் என்று வந்த நினைப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்காத இடத்தில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை.

பிறகு கேட்டது.

ஆம்ப்புக்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுத்தார்கள்.

 மூச்சு நின்ற இடத்தில் ஒரு குரல் துவங்கியது. மிக மெல்லியது, அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல. வார்த்தை புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. அந்தக் குரலுக்குரியவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன் அவன்.

அண்ணி பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகப் பாட வாய் வராத அண்ணி, செத்துப்போனவனின் வாசிப்புக்குள்ளே இருந்து பாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வரி முடிந்தது. இடைவெளி. மூச்சு இழுபட்டது. அதன் பிறகு சிவப்பு வெளிச்சத்தில் ஸ்பீக்கர் முன்னால் வந்தது.

அடுத்த வரி. இடைவெளி கொஞ்சம் நீண்டது. ஸ்பீக்கர் அசையாமல் நின்றது. மூச்சு வந்தது. அதன் பிறகுதான் அசைந்தது.

பாட்டு முடியும்வரை செபஸ்தியான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட ஸ்பீக்கர் அவள் மூச்சை முந்தவில்லை.

விளக்கு எரிந்தபோது அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அண்ணி குரல் எப்படி டீச்சர் உள்ள வந்துச்சு?"

"அந்தக் கிட்டார்ல கம்பி சத்தத்தைப் பிடிக்கற பிக்கப் பழசு. பக்கத்துல யாராவது மூச்சு விட்டாலும் பிடிச்சுக்கும். அண்ணி அவர் பக்கத்துலயே நின்னு கூடப் பாடிட்டு இருப்பாங்க, மைக் இல்லாம. அவங்க பாட்டை அப்புறமாத்தான் தனியா எடுப்பேன்."

"இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லையே."

"பேஸ் கேக்கற எடத்துல அது கேக்காதுண்ணே."



ஜெமீலா ஆம்ப்பை அணைத்து, பின்பக்கத்து வயரைக் கழற்றினாள். "ஆட்டோ வருமா? நானும் ஒரு கை பிடிக்கறேன்."

செபஸ்தியான் ஆம்ப்பைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். பெட்ஷீட்டை எடுத்து, ஆம்ப்பின் மேல் திரும்பவும் போர்த்தி, நுனிகளை இழுத்துச் சரிசெய்தான்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம், சப்பரம் கிளம்புவதற்கு முன்னால், கோயில் மைதானத்தில் கச்சேரி. செபஸ்தியான் தன்னிடம் இருந்ததிலேயே சின்ன ஆம்ப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேடை ஏறினான். காலடியில் வைக்கவில்லை. மேடையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், தனக்கு முதுகைக் காட்டும்படி, கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தான். தன் வாசிப்பைத் தனக்கே கேட்கவைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரையும் அணைக்கச் சொன்னான்.

"என்னண்ணே, ஆம்ப்போட சண்டையா?" என்றான் கீபோர்டு வாசிக்கிற டென்சில்.

 செபஸ்தியான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அண்ணியின் மைக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். பேஸ் வாசிக்கிறவன் உட்கார்ந்து வாசிப்பது அந்த ஊரில் அமலதாஸோடு போனது.

பிலோமினா வந்தாள். வெள்ளைச் சேலை. மைக்கைப் பிடித்தாள். கூட்டம் அடங்கியது.

முதல் பாட்டை பேஸ்தான் துவக்க வேண்டும். இந்த ஒரு வருஷமும் அவன்தான் துவக்கினான், தெம்பாக, பலமாக, அண்ணிக்குக் கால் ஊன இடம் கிடைக்கட்டும் என்று.

இன்று விரலைக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

டென்சில் திரும்பிப் பார்த்தான். டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியை உயர்த்தி, இறக்கினான். "அண்ணே, ஆரம்பிங்க" என்றான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தைத் தொட்டார்.

 இந்த நிமிஷத்தோடு எல்லாம் போய்விடும், அவள் இறங்கிப் போய்விடுவாள் என்று செபஸ்தியானுக்குத் தோன்றியது. விரல் நகரவில்லை. ஆம்ப்பிலிருந்து இரைச்சல்கூட அவனுக்கு எட்டவில்லை. தான் இந்த மேடையில் இருக்கிறோமா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

பிலோமினா திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள். அது கிடக்கிற இடத்தைப் பார்த்தாள்.

மைக்கை விட்டுவிட்டு, இரண்டு அடி நகர்ந்து வந்து அந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றாள்.

மடியிலிருந்த கிட்டார் பிடித்துக்கொடுக்க, மேடையின் அந்தக் கோடியில், ஆம்ப்புக்குள், அவள் மூச்சு இழுபட்டது.

செபஸ்தியான் கம்பியை மீட்டினான். தான் வாசித்தது அவனுக்குக் கேட்கவில்லை. அண்ணி பாடுவது கேட்டது.