தாளிக்காத ரசம்

ஒரு ஊர்ல ஒரு தெரு இருந்துச்சாம். சும்மா தெரு இல்ல, சரியான சத்தக்காரத் தெரு. சங்கரன்கோவில்ல தறிக்காரத் தெரு. விடிஞ்சா போதும், சடக்கு புடக்கு, சடக்கு புடக்குன்னு வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல கத்தினாத்தான் பேசுறது கேக்கும். அதனால அங்க ரகசியம்கூடக் கத்தித்தான் சொல்லுவாங்க.

கதைக்கு 'ம்' கொட்டு. ம்ம்... இவ்வளவு சத்தமா இல்ல. இன்னும் மெதுவா. ஏன்னு கடைசியில சொல்றேன். ராத்திரிச் சோத்துக்கு ஊத்தின ரசத்துல ஏன் கடுகே மிதக்கலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியே, அதுவும் கடைசியிலதான் வரும்.

அந்தத் தெருவுல கோமதின்னு ஒரு பொண்ணு. கோமுன்னு கூப்பிடுவாங்க. அவ படிச்சது சிஸ்டருங்க நடத்துற பள்ளிக்கூடம். அங்க என்ன சொல்லிக் குடுத்தாங்க? கதவைத் தட்டாம உள்ள போகக் கூடாது, அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. கோமு அதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டுப் பேச்சியத்தை கோமு வீட்டு அடுக்களையில நின்னு குழம்புல உப்பு பாத்துக்கிட்டு இருப்பா.

அந்தத் தெருவுல ஒரு வழக்கம். யார் வீட்டுலயாவது பிள்ளைக்கு அம்மை போட்டா, நிலையில ஒரு கொத்து வேப்பிலை சொருகிடுவாங்க. அவ்வளவுதான். யாரும் யாருகிட்டயும் போய்ச் சொல்ல வேண்டாம். அக்கம் பக்கத்துல ஒரு வீட்டுலயும் தாளிக்க மாட்டாங்க, அந்த நெடி பிள்ளைக்கு ஆகாதுன்னு. அப்புறம் ஒவ்வொருத்தரா வாசல்ல வந்து நின்னு, "பிள்ளை எப்படி இருக்கு? முத்து இறங்கிருச்சா?"ன்னு கத்துவாங்க. இளநி வரும், நுங்கு வரும், கை நிறைய வேப்பங்கொழுந்து வரும். கேட்டு வாங்குற பழக்கமே அங்க கிடையாது. கேக்க வாயைத் திறக்குறதுக்குள்ள வந்துடும்.

அப்புறம் கோமுவுக்குக் கல்யாணம் ஆச்சு. அவ வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை. மெட்ராஸ்ல, ஏழாவது மாடியில ஒரு வீடு. அந்த மாடியில நாலு கதவு. நாலும் எப்பவும் சாத்தியே இருக்கும். ஆனா சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல. எதிர் வீட்டுல மிருதங்க வாத்தியார் வைத்திலிங்கம். தினமும் நாலு மணிக்குப் பிள்ளைங்க வந்துடும். தா தீ தொம் நம், தா தீ தொம் நம். மேல் மாடியில ரெஹானாம்மா வீட்டுல மரவேலை. க்ர்ர்ர்ர்ர்னு சுவரைத் துளைச்சுக்கிட்டே இருப்பாங்க. போதாததுக்கு லிஃப்ட் ஒண்ணு. டிங்! 'ஏழாவது தளம்'னு ஒரு பொம்பளைக் குரல், ஊருக்கே கேக்குற மாதிரி.

கோமு காதைப் பொத்திக்குவா. "இதெல்லாம் மெஷினு போடுற சத்தம். இதுல நம்மளை யாரு விசாரிக்கப் போறா?"ன்னு நினைச்சுக்குவா.

தூங்கிட்டியா? ம்... சரி.

கோமுவுக்கு ஒரு பாப்பா இருந்துச்சு. மூணு வயசு. ஒரு நாள் பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. மறுநாள் பாத்தா கழுத்துல, முதுகுல, நெத்தியில, சின்னச் சின்னதா முத்து முத்தா. டாக்டர் பாத்துட்டு, "அம்மைதாம்மா. பயப்படாதீங்க, ஒரு வாரத்துல உதிர்ந்துடும். தண்ணி நிறையக் குடுங்க"ன்னு மருந்து எழுதிக் குடுத்தார். பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போயிடுமா? பாப்பாவோட அப்பா நடுக்கடல்ல. ஊர்ல கோமுவோட அம்மாவுக்குக் கால்ல மாவுக்கட்டு. அந்த அம்மாவைப் பாத்துக்கிறதே பேச்சியத்தைதான். கோமு தனியா. டாக்டர் வீட்டு வாசல் மரத்துல எட்டின மட்டும் ஒரே ஒரு கொத்து வேப்பிலை ஒடிச்சா. கொண்டுவந்து ஏழாம் மாடிக் கதவுல சொருகினா.

அப்புறம் காத்திருந்தா.

முதல் நாள். காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பெல் அடிக்கல. நாலு மணி ஆச்சு. தா தீ தொம் நம் வரணுமில்ல? வரல. "வாத்தியார் இலையைப் பாத்துட்டாரு. ஒட்டிக்கும்னு பயந்து எங்கயோ போயிட்டாரு"ன்னு நினைச்சா.

ரெண்டாம் நாள். பாப்பா அரிக்குது அரிக்குதுன்னு அழுதுச்சு. தண்ணி குடிக்க மாட்டேன்னு உதட்டை இறுக்கிக்கிச்சு. பெல் அடிக்கல. மேல் மாடி க்ர்ர்ர்ரும் இல்ல. "அவங்களும் போயிட்டாங்க"ன்னு நினைச்சா.

மூணாம் நாள். அன்னிக்குப் பாப்பா தலைக்கு வேப்பிலைத் தண்ணி ஊத்தணும். கதவுல இருக்குற ஒரு கொத்தை எடுக்கவும் கூடாது, வேற இலையும் இல்ல. கீழ போய்த் தேடலாம்னா பாப்பாவை யாருகிட்ட விடுறது? கதவைத் தட்டிக் கேக்கலாம்னா, கேட்டே பழக்கமில்லாத தெருவுல பொறந்தவ. தொந்தரவு பண்ணாதேன்னு சொன்ன பள்ளிக்கூடத்துல படிச்சவ. அன்னிக்கு லிஃப்ட்கூட வாயைத் திறக்கல. மாடி மொத்தமும் ஊமையாப் போச்சு.

அப்போ ஊர்லேருந்து போன். அம்மா.

"ஏட்டி, பிள்ளை என்ன செய்யுது?"

"காய்ச்சல் விட்டு விட்டு வருதும்மா."

"யாரும் வந்து பாத்தாங்களா?"

"இல்லம்மா."

"ஒருத்தருமா?"

"இலையைப் பாத்துட்டு ஒதுங்கிட்டாங்கம்மா."

பின்னாடியிருந்து பேச்சியத்தை கத்துறா: "அது என்ன ஊருட்டி அது? நீ பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பி வா. தெருவே ஸ்டேஷன்ல வந்து நிக்கும்!" அவளுக்கும் பின்னாடி யாரோ, "இளநி குடுத்தாளா கேளு!"

கோமு அழுதா. அப்புறம் முகத்தைக் கழுவினா. அப்புறம் பையில துணியை அடுக்கினா. முத்து முத்தாக் கிடக்குற பிள்ளையை ரயில்ல ராத்திரி முழுக்க எப்படிக் கொண்டு போறது? வேற வழி? வெள்ளைத் துணியில பாப்பாவைப் பொதிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து லிஃப்ட் பட்டனை அமுக்கினா.

டிங்! 'ஏழாவது தளம்!'

பாப்பா திடுக்குனு முழிச்சு வீல்னு கத்துச்சு. உடனே படிக்கட்டுப் பக்கத்துலேருந்து ஒரு குரல், கோவமா, ஆனா குசுகுசுன்னு: "யாருப்பா அது ஏழுல லிஃப்டை நிறுத்துறது? எழுதி ஒட்டியிருக்குல்ல? கண்ணு தெரியாதா?"

கோமு திரும்பி லிஃப்டுக்குள்ள பாத்தா. காகிதம் ஒண்ணு ஒட்டியிருக்கு. பெரிய பெரிய எழுத்து. 'ஏழாம் மாடிக்கு வருகிறவர்கள் ஆறில் இறங்கி நடந்து வரவும். லிஃப்ட் சத்தம் போடும். பிள்ளைக்கு அம்மை.'

அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சா. எழுத்து மங்கிக்கிட்டே வந்துச்சு.

அப்போ படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்னார் வைத்திலிங்கம் வாத்தியார். கோமுவைப் பாத்ததும் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். "அடடா, நீங்களாம்மா? நான் யாரோன்னு நினைச்சு... பிள்ளை முழிச்சிருச்சா?"

கோமு படிக்கட்டுல எட்டிப் பாத்தா. கீழ் வளைவுல மூணு பிள்ளைங்க வரிசையா உக்காந்திருக்கு. மிருதங்கம் இல்ல. தங்கள் தொடை மேல விரலை வச்சு, சத்தமே வராம, வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு... தா... தீ... தொம்... நம்...

"மூணு நாளா இங்கதாம்மா பாடம். நல்லாத்தான் வாசிக்குறானுங்க, சத்தம் இல்லாதப்போ"ன்னு சிரிச்சார் வாத்தியார்.

"ஒருத்தரும் பெல் அடிக்கலையே"ன்னு கேட்டா கோமு.

"நல்லா இருக்கே! அம்மை போட்ட வீட்டுல பெல் அடிச்சுப் பிள்ளையை எழுப்புவாங்களா? நீங்களாக் கதவைத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். ஆமா, பையோட எங்க கிளம்பிட்டீங்க?"

கோமு பையைக் கீழ வச்சா. அவ வாழ்க்கையில முதல் தடவையா வாயைத் திறந்து கேட்டா: "கொஞ்சம் வேப்பிலை கிடைக்குமா சார்?"

வாத்தியார் படிக்கட்டு நடுச்சந்து வழியாக் கீழ வாசல் வரைக்கும் எட்டிப் பாத்துக் கையை ஆட்டினார். அவ்வளவுதான். தொப் தொப், தொப் தொப்னு படியில காலடி. வாட்ச்மேன் தேவசகாயம், ஏழு மாடியும் நடந்தே ஏறி வர்றார். கையில ஒரு வாளி. வாளி நிறைய வேப்பங்கொழுந்து, தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கு.

"மூணு நாளா தினம் ஒடிச்சு வச்சுக்கிட்டு இருக்கேன் தாயி. நேத்து இலை வாடிப் போச்சு, இன்னிக்குப் புதுசு."

பாப்பா அழுத சத்தம் கேட்டு மேல் மாடியிலேருந்து ரெஹானாம்மா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கி வந்தாங்க. ஒரு தூக்குவாளி. "ரசம். தாளிக்கலை. எங்க வாணியம்பாடியிலயும் இலை சொருகுவோம்மா. ஆசாரிங்களை லீவுல அனுப்பிட்டேன், சுவரு எங்க ஓடிப் போவுது?"

பாப்பா அந்த ரசத்தை மடக் மடக்குன்னு குடிச்சுது. மூணு நாளுல குடிக்கிறதுக்கு அதுவா வாயைத் திறந்தது அப்போதான்.

அப்புறம் வாளித் தண்ணியை மிச்சமிருந்த சாயங்கால வெயில்ல வச்சு, கொழுந்து போட்டு, சளப் சளப்னு முதல் தண்ணி ஊத்தினா. ஒரு நாள் விட்டு ரெண்டாம் தண்ணி. இன்னொரு நாள் விட்டு மூணாம் தண்ணி. முத்தெல்லாம் கருகி உதிர்ந்துச்சு. நெத்தியில ஒண்ணே ஒண்ணு மட்டும் குட்டிக் குழியா நின்னு போச்சு.

மூணாம் தண்ணி ஊத்தின சாயங்காலம் கோமு கதவைத் திறந்து வேப்பிலையை எடுத்தா. எடுத்து உள்ள வந்து கதவைச் சாத்தல. அதுக்குள்ள...

தா தீ தொம் நம்! தா தீ தொம் நம்! க்ர்ர்ர்ர்ர்! டிங்! 'ஏழாவது தளம்!' மாடியே அதிருது. பாப்பா குதிகுதின்னு குதிக்குது. கோமு காதைப் பொத்தல. கையைக் கூப்பிக்கிட்டு நடுக்கூடத்துல நின்னா.

ஊர்லேருந்து போன். "என்னட்டி அங்க இம்புட்டுச் சத்தம்?"

"நம்ம தெருதாம்மா."

கோமு நடந்ததெல்லாம் சொன்னா. அம்மாவால நம்ப முடியல. "சத்தமே போடாம ஒரு தெரு பிள்ளையப் பாத்துக்கிடுமா?"ன்னு பேச்சியத்தையைக் கேட்டா. அதுக்குப் பேச்சியத்தை, "நம்மால முடியாதுப்பா"ன்னாளாம்.

ம்...? இன்னும் முழிச்சிருக்கியா?

ஆமா, உன் நெத்தியிலயும் ஒரு குழி இருக்கு. தடவிப் பாத்துக்கோ. இப்போ நீ கேட்டதுக்கு வரேன். மேல் மாடியில ரெஹானாம்மா பேத்திக்கு நேத்து அம்மை போட்டிருக்கு. கதவுல இலை சொருகியிருக்காங்க. அதான் நம்ம வீட்டுல தாளிக்கல. அதான் இன்னிக்குக் கதையை இவ்வளவு தாழ்ந்த குரல்ல சொன்னேன். காலையில நாம ரெண்டு பேரும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, படியேறிப் போய், ஒரு தூக்குவாளி ரசத்தை வாசல்ல வச்சுட்டு வருவோம். பெல் அடிக்கக் கூடாது, தெரியுதா?

ம்.

அப்படித்தான், அவ்வளவு மெதுவா. கதை படியிறங்கிப் போயிருச்சு. நீ கண்ணைச் சாத்திக்கோ.