பதினோரு முதல் பக்கங்கள்

தணிகாசலம் முதல் பக்கத்தைப் பதினோராவது தடவையாக எழுதி முடித்தபோது செண்பகம் வாசலில் வந்து நின்றாள்.

“ஐயா, கொஞ்சம் வர்றீங்களா? தண்ணித் தொட்டி வழியுது. வால்வு மூட மாட்டேங்குது.”

அவர் போனார். மூடினார். திரும்பி வந்தார். எழுதியதை எடுத்துப் படித்தார். எங்கே விட்டோம் என்பது தெரிந்தது. ஆனால் ஓட்டம் போய்விட்டது. பெருமூச்சு விட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

மடம் ஜவ்வாது மலைச் சரிவில் இருந்தது. ஐந்து பேர் இருந்தார்கள். தலைவியை எல்லோரும் அம்மா என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளே வேண்டாம் என்று ஓடி வந்தவரிடம்தான் இந்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது.

வேலூரில் ஒரு அறக்கட்டளை மலை மருந்தகங்களுக்கு உதவி தருவதாக அறிவித்திருந்தது. மடத்து மருந்தகத்துக்கு வேண்டியது ஒரே பொருள்தான். வெயிலில் ஓடும் குளிர்பெட்டி. பாம்புக்கடி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். மலையில் கரண்ட் வந்தால் வந்தது, போனால் போனது. கூப்பிட்டால் அரை மணியில் வந்துவிடுகிற டாக்டர் பக்கத்து ஊரில் இருந்தார். மருந்துதான் இல்லை.

போன மழைக்காலத்தில் பாம்பு கடித்த காளியம்மா என்ற பெண் மலையிறங்கும் ஜீப்பிலேயே இறந்துபோனாள். அவள் தலையை மடியில் வைத்திருந்தவர் தணிகாசலம்.

விண்ணப்பத்தில் ஒன்பது கேள்விகள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேலூரில் கொடுத்துவிட வேண்டும். கையால் எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம் என்று போட்டிருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

பன்னிரண்டு நாளாக எழுதுகிறார். இன்று புதன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மடத்தில் மாலையில் நூற்றெட்டுப் பாட்டு சொல்வார்கள். நடுவில் யாராவது தடுமாறினால் முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பம். இது மடத்தின் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. தணிகாசலம் வந்த வருடம் அவர் கொண்டுவந்தது. ‘அரைகுறையாச் சொல்றதுக்குச் சொல்லாமலே இருக்கலாம்’ என்றார். அம்மா சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து மடத்தில் சோறு ஆறித்தான் கிடைக்கிறது. செண்பகத்துக்கு இதில் தீராத வருத்தம். சமைப்பவள் அவள்தானே.

அம்மா அறைக்குள் வந்தார்.

“எத்தனை கேள்வி ஆச்சுங்க ஐயா?”

“மூணு.”

“போன வாரமும் மூணுன்னீங்க.”

“இது வேற மூணு அம்மா. இன்னும் நல்லா வந்திருக்கு.”

அம்மா மேசையைப் பார்த்தார். பதினோரு முதல் பக்கங்கள் அடுக்கியிருந்தன. முத்துமுத்தான கையெழுத்து. நான்காம் கேள்விக்கு வேண்டிய விலைப்பட்டியல் எங்கே என்று கேட்டார்.

“அதைத் தேடத்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்திரிக்கிறேன். எழுந்தா யாராவது கூப்பிட்டுடறாங்க. திரும்பி வந்தா ஓட்டம் விட்டுப்போகுது. என்ன பண்றதுன்னே தெரியலை. நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் வெளியே சத்தம் கேட்டது.

சடையன் வந்திருந்தான். இறந்துபோன காளியம்மாவின் புருஷன். விறகு வெட்டும்போது கத்தி நழுவிக் கெண்டைக்காலில் இறங்கியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடியே நடந்து வந்திருக்கிறான்.

“கூட வாங்க ஐயா. கால் பிடிச்சுக்கணும்” என்றார் அம்மா.

சடையனைப் படுக்க வைத்தார்கள். அம்மா உடனே காயத்தைத் தொடவில்லை. துண்டை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரு தட்டை எடுத்தார். ஊசி, நூல், கத்தரி, மருந்து, பஞ்சு, கட்டுத்துணி. ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டார். காயத்தைக் கழுவினார். தைக்க ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது முடிச்சில் சடையன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டான். வலியில்லை, பயம்தான். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தணிகாசலம் பிடித்த பிடி நழுவியது.

அம்மா கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கால் பழையபடி நீண்டது.

“சடையா, தையல் நடுவுல நின்னுபோச்சு. போட்ட மூணையும் பிரிச்சுட்டு முதல்லேருந்து போடட்டுமா?”

“ஐயோ ஆயி!” சடையன் அலறினான். “வேணாம் ஆயி! மூணுதான் ஒழுங்கா இருக்குதே! விட்ட எடத்துலேருந்து போடு!”

“அப்படியா? ஐயா என்ன சொல்றீங்க?”

தணிகாசலம் சடையனின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காதுமடல் சிவந்துபோயிருந்தது.

அம்மா நாலாவது தையலைப் போட்டார்.

மொத்தம் ஒன்பது. கட்டுப் போட்டு முடிந்ததும் சடையன் எழுந்து உட்கார்ந்தான். செண்பகம் கொடுத்த காப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பாதி குடித்துவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தான்.

“பொட்டிக்கு எழுதிப் போட்டாச்சா சாமி?”

“எழுதிக்கிட்டிருக்கேன்பா.”

“மழை வரதுக்குள்ள வந்துருமா?”

தணிகாசலம் எழுந்து வெளியே போனார். அம்மா பின்னாலேயே போனார். வேலியோரம் நின்றுகொண்டிருந்தார் மனிதர். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். பட்டியல் தொலைஞ்சதெல்லாம் சாக்கு. ஏழாம் கேள்வி இருக்கே. இந்தப் பொருள் இல்லாததால் நேர்ந்த இழப்பை எழுதுகன்னு. அதுக்குப் போகப் பயமா இருக்கு. ஜீப்பை எழுதணும். அந்தப் பொண்ணு தண்ணி கேட்டதை எழுதணும். அதான் திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்கே ஓடிப் போறேன்.”

அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“மூணுக்கு அப்புறம் நாலுதான் ஐயா” என்றார். “ஏழுக்கு இன்னும் தூரம் இருக்கு.”

தணிகாசலம் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். நேராகச் சமையலறைக்குப் போனார். செண்பகம் இட்லிக்கு வைத்திருந்த பெரிய தாம்பாளத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். அவள் திட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை.

தாம்பாளத்தோடு மடம் முழுக்கச் சுற்றினார். விலைப்பட்டியல் நாட்காட்டிக்குப் பின்னால் இருந்தது. பதிவுச் சான்றிதழ் அரிசி டப்பா மேல் இருந்தது. டாக்டரின் சம்மதக் கடிதம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, ஒரு தடவை சட்டையோடு சேர்ந்து துவைபட்டும் இருந்தது. மருந்தகப் பதிவேடு, கட்டடத்தின் படம், கரண்ட் எத்தனை நாள் போனது என்று செண்பகம் சுவரில் கரியால் போட்ட கோடுகளைப் பார்த்து எடுத்த குறிப்பு. எல்லாம் தாம்பாளத்தில் சேர்ந்தது. ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொண்டார்.

பிறகு பதினோரு முதல் பக்கங்களையும் அம்மாவின் முன்னால் விரித்தார்.

“எதை வைக்கட்டும்? ஏழாவதுல நடை நல்லா வந்திருக்கு. ஆனா ஒன்பதாவதுல மலையைப் பத்தி ஒரு வாக்கியம் இருக்கு...”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினார்.

“இது.”

“படிச்சுப் பாக்கலையே?”

“அவங்க ஒண்ணைத்தான் படிக்கப் போறாங்க.”

மீதிப் பத்தையும் செண்பகம் அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டாள். அவ்வளவு அழகான கையெழுத்தில் அந்த அடுப்பு அதற்கு முன் எரிந்ததில்லை.

வியாழக்கிழமை காலை உட்கார்ந்தார். நாலு. ஐந்து. தொட்டி வழிந்தது. பாதி வாக்கியத்தில் பேனாவை அந்த வரி மேலேயே வைத்துவிட்டுப் போனார். வந்தார். பேனா இருந்த இடத்திலிருந்து எழுதினார். போன் வந்தது. பேசிவிட்டு வந்தார். பேனா காத்திருந்தது. ஆறு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு வந்தது. வந்தபோது அவருக்கே தெரியவில்லை, ஆறின் கடைசி வரியிலிருந்து கை தானாக இறங்கிவிட்டது. நாலே வரி எழுதினார். ஜீப் கிளம்பிய நேரம். எந்த வளைவில் காளியம்மா தண்ணி கேட்டாள். எந்த வளைவுக்கு மேல் கேட்கவில்லை. டாக்டர் வீடு அவள் குடிசையிலிருந்து எத்தனை தூரம்.

எழுதிவிட்டு அழுதார். ஏழு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து எட்டாவதை எழுதினார். நாலு மணிக்கு ஒன்பதும் முடிந்தது.

அம்மாவிடம் கொண்டுபோனார்.

“எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்குங்களா?”

“இருக்கு. அஞ்சாம் பக்கத்துல ஒரு அடித்தல் விழுந்துடுச்சு. வேணும்னா அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி...”

“அடிச்சு எழுதினது படிக்கத் தெரியுதா?”

“தெளிவாத் தெரியுது.”

“அப்ப உறையில போடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் செண்பகம் உறையோடு மலையிறங்கினாள். அன்று முழுவதும் தணிகாசலம் வேலியோரமே நின்றார். முப்பது வருடம் மற்றவர்களுடைய மனுக்களில் ‘குறை உள்ளது, திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று எழுதிய கை அது. இன்று அந்தக் கை வேலிக்கம்பியை விடவே இல்லை.

ஐந்தரைக்குப் பஸ் வந்தது. செண்பகம் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். முத்திரை குத்திய ரசீதை நீட்டினாள்.

“மணி ரெண்டுக்கே குடுத்தாச்சு ஐயா. அங்க ஒரு பொண்ணு ஒவ்வொரு தாளா எடுத்துப் பாத்துச்சு. எல்லாம் வரிசையா இருக்குது, திருப்பி அனுப்ப இதுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிச்சு.”

தணிகாசலம் ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நிம்மதி.

பெட்டி மழைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. ஆனால் இந்தக் கதை அதற்கும் முன்னால், அன்று மாலையே முடிந்துவிடுகிறது.

செண்பகம் வந்த கையோடு சோறு வடித்துவிட்டாள். எல்லோரும் பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு சடையனும் வந்து உட்கார்ந்திருந்தான். தணிகாசலம் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். குரலில் சந்தோஷம் வழிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அறுபத்தோராம் பாட்டில் நாக்குக் குழறிவிட்டது.

எல்லோரும் நிறுத்தினார்கள். வழக்கம் தெரியுமே. செண்பகம் சமையலறைப் பக்கம் பார்த்தாள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

தணிகாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முதல் பாட்டை எடுத்தார்.

“நின்றாய் மலையாய்...”

அம்மா கையை உயர்த்தினார்.

“முதல் பக்கம் பஸ்ல போயாச்சு ஐயா. அறுபத்தொண்ணைச் சொல்லுங்க.”