சர்க்கரையை விரட்டிய மாவு

‘சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்’ என்று டப்பாவில் அச்சடித்துச் சத்துமாவு விற்றார் கோபிச்செட்டிபாளையம் சென்னியப்பன். ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார்.

“ஆதாரம் என்ன?”

“நானே ஆதாரமுங்க! இந்த மாவுலதான் எனக்கே குணமாச்சு. லேபிள் ஒட்டுற பாப்பாத்தியைக் கேளுங்க.”

அதிகாரி வரும் தகவல் கிடைத்ததுமே, மாற்றிச் சொன்னால் வேலை இல்லை என்று அவளைக் காலையிலேயே மிரட்டி வைத்திருந்தார்.

“முதலாளி சொல்றது நெசந்தானுங்க,” என்றாள் பாப்பாத்தி. “குணமான பொறவு எதுக்குன்னு, பிரிட்ஜில இருந்த அவரோட இன்சுலின் ஊசியை எல்லாம் இப்பத்தான் குப்பையில போட்டேனுங்க.”

சென்னியப்பன் குப்பைக் கூடையை நோக்கிப் பாய்ந்தார்.

“அடிப்பாவி! அது இல்லாட்டி நான் செத்துருவேன்டி!”

அதிகாரி அத்தனை டப்பாக்களுக்கும் சீல் வைத்தார்.

“பதறாதீங்க முதலாளி, ஊசி பத்திரமா இருக்குது,” என்றாள் பாப்பாத்தி. “உங்க மாவை நம்பி மருந்தை விட்டது எங்க அக்காதானுங்க. பெரியாஸ்பத்திரியில மூணு நாளா கண்ணே தொறக்கலை.”