சக்கரத்தில் நானூறு

கோவைப் பஞ்சாலை அதிபர் தண்டீஸ்வரன் வாங்கிய பந்தயக் காருக்கு நானூறு குதிரைத்திறன் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருந்தது. சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் டைனோ இயந்திரமோ முந்நூற்று நாற்பது என்றது. அதை இயக்கிய மரகதவல்லியின்மீது அவர் பாய்ந்தார்.

"ஏம்மா, மீதி அறுபதை உன் மெஷின் தின்னுடுச்சா? நானூறுன்னு போடு. இந்தக் கட்டடமே என்னுது. இல்லைன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது."

"அந்த நானூறு எஞ்சின்ல அளந்ததுங்க ஐயா. கியரையும் அச்சையும் சுத்தறதுலயே கொஞ்சம் போயிடுமுங்க."

"எனக்கே பாடமா?"

"ஐயோ, இல்லைங்க. 'சக்கரத்தில் கிடைத்த திறன்'ங்கற இடத்துல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

பந்தயத்துக்குக் கொடுக்க வேண்டிய தாளில் பெருந்தன்மையோடு அவர் நானூறு என்று எழுதினார்.

மறுநாள் பந்தயத் திடலில் அதிகாரி அத்தாளைப் படித்தார். "சக்கரத்துலயே நானூறுன்னா எஞ்சின்ல நானூத்தி எழுபதாவது இருக்கணுமே! எஞ்சினை மாத்தின வண்டிக்கு இந்தப் பந்தயத்துல இடமில்லைங்க."

"ஐயையோ, மாத்தவே இல்லைங்க! முந்நூத்தி நாப்பதுதான்!" என்று திடலே திரும்பிப் பார்க்க அலறினார் அதிபர்.

வண்டியோடு வந்திருந்த மரகதவல்லி, இயந்திரம் அச்சிட்ட தாளைப் பணிவோடு நீட்டினாள். "பத்திரமா வெச்சிருந்தேனுங்க ஐயா. மெஷின் ஒண்ணும் தின்னலைங்க."

கார் ஓடியது. அவளுடைய வேலையைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை.

அன்பர்களே, உங்கள் ஆற்றலைத் தாளில் வாசித்து மகிழுங்கள்; தடையில்லை. தரையைத் தொடும் சக்கரத்தையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.